எழுபத்து மூன்றாம் பக்கம்

சென்ற மாதம் நுவரெலியாவில் இளம் எழுத்தாளர் சிலர் கூடிய அரங்கொன்றில் பேச என்னை அழைத்திருந்தனர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இளையோருக்கெனப் பதினொரு புதினங்கள் எழுதியவர் என்று அறிமுகம் செய்தார்கள். உரை முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஒங்க கதையில வர்ற ஆளுங்கள்லாம் எங்கேருந்து வர்றாங்க? நீங்களா நெனச்சுக்கிறீங்களா, இல்ல யாரையாச்சும் பாத்து எழுதுறீங்களா?"

"பார்ப்பதும் நினைப்பதும் எழுத்தில் பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடுகின்றன" என்று விடையளித்தேன். அவையோர் கைதட்டினர். கேட்டவள் மட்டும் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தும் ஒரு சொல்லும் எழுதாமல் உட்கார்ந்தாள். அவள் எழுதாதது சரியே. நான் சொன்னது செப்பமான வாக்கியம், விடையன்று.

அன்று முதல் ஓரிடத்தில் நிலைகொண்டு அமர முடியவில்லை. காரணம் அந்தப் பெண் மட்டுமன்று. என் நான்காம் புதினத்தை அற்றன் நகரிலுள்ள அச்சகம் மறுபதிப்புச் செய்கிறது. மெய்ப்புத் தாள்கள் உணவு மேசையில் கிடக்கின்றன. அச்சகத்தை இப்போது நடத்தும் இளைஞர் தொலைபேசியில் சொன்னார்: "டீச்சர், அட்டையில 'உண்மைக் கதை'ன்னு போடப்போறோம். அப்படிப் போட்டாத்தான் இப்ப புள்ளைங்க கையில எடுக்குதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துக் குடுத்துருங்க."

ஒவ்வொரு நாளும் முதல் தாளிலிருந்து தொடங்குகிறேன். எழுபத்து மூன்றாம் பக்கம் வந்ததும் எழுந்துவிடுகிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அது கொதிக்கும் முன்பே அணைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். திரும்பி வந்து மறுபடியும் முதல் தாளை எடுக்கிறேன். நான்கு நாள் இவ்வாறு கழிந்த பின்னர், மெய்ப்பைத் திருத்துவதற்கு மாறாக, அந்தப் பக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை எழுதத் துணிந்தேன். நுவரெலியாவில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இதுவே என் விடை.

நான் லிந்துலையிற் பிறந்தவள். ஆயினும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டிற் பிறந்தவள் அல்லள். தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். எங்களுக்குத் தனி ஆசிரியர் விடுதி இருந்தது. வீட்டில் இலக்கண நூல்கள் இருந்தன. பிழையாகப் பேசினால் உணவு தாமதமாகும். ஆசிரியப் பயிற்சி முடித்து, பிறந்த ஊருக்கு அருகிலேயே ஒரு பாடசாலையில் பணியேற்றேன். அங்கு நூலகம் என்பது இரண்டு அலுமாரிகள். ஒன்றில் நரியும் காகமும் பேசும் சிறுவர் நூல்கள். மற்றொன்று பூட்டியிருந்தது, பெரியோர் படிக்கும் புதினங்கள். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி இரண்டுக்கும் நடுவில் நின்று, "எங்களுக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்றாள். எழுதத் தொடங்கியதற்கு இதைவிட உயர்ந்த காரணம் எனக்கில்லை.

முதல் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு அற்றனுக்குப் போனேன். அக்காலத்தில் அச்சகத்தின் பதிப்பாசிரியர் அருளானந்தம் ஐயா. நாற்காலி இருந்தும் அமரமாட்டார். நீண்ட மேசையின் முன் நின்றபடியே தாள் தாளாகப் படிப்பார். பிடித்த தாளை முகம் மேலாக வைப்பார். மனம் பற்றாத தாளைக் கவிழ்த்து வைப்பார். பேச்சில்லை, முகக்குறியும் இல்லை. எழுதியவர் எதிரே நின்று தம் தாள்கள் கவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனது முதற் புதினத்தில் முக்காற்பங்கு கவிழ்ந்தது.

"கவுந்து கெடக்கிறதெல்லாம் நீங்க தூங்கின எடம்" என்றார் இறுதியில். பிறகு ஒரு தாளை உருவி எடுத்து உரக்கப் படித்தார். "'அன்னையே, எனக்குப் பசி மிகுகின்றது.' ஏம்மா, இந்தப் பையன் அம்மாகிட்ட சோறு கேக்குறானா, இல்ல மேடையில நன்றியுரை சொல்றானா?"

அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என் காதுகள் சுட்டன.

"கதை சொல்றத ஒங்க தமிழ்லயே சொல்லுங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். "ஆனா வாயத் தொறக்கிறவங்க அவங்கவங்க வாயாலதான் பேசணும்."

அவரவர் வாய் எப்படிப் பேசும் என்று விடுதிப் பிள்ளையான எனக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு முறையை வகுத்தேன். என் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் தேர்வுக்கான கட்டுரை ஏடு தவிர, வெள்ளிக்கிழமைதோறும் எழுத வேறோர் ஏடு வைத்திருக்கச் செய்தேன். தலைப்பை நான் தருவேன். எதை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். "இதை நான் மட்டுமே படிப்பேன். வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று சொல்லியிருந்தேன்.

ஞாயிறு பிற்பகலில் அவ்வேடுகளை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு என் குறிப்புப் புத்தகத்தில் மூன்று பத்திகள் வரைவேன். முதலாவதில், என்ன நடந்தது. இரண்டாவதில், என்ன சொன்னார்கள். மூன்றாவதில், அவ்வேளையில் அவர்கள் கை என்ன செய்தது. இந்த மூன்றாவது பத்தி எனது பெருமை. சினந்தவர் சொல்லால் மட்டும் சினப்பதில்லை. வாளியைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்ப்பார். அதை எழுதினால் கதைப்பாத்திரம் எழுந்து நடக்கும்.

புதினத்திற்குக் கொண்டுவரும்போது ஐந்தை மாற்றுவேன்: பெயர், தோட்டம், வயது, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, குடும்பத்தில் நிகழ்ந்த இறப்பு. இவ்வைந்தும் மாறினால் எவரையும் எவரும் அடையாளம் காண முடியாது என்று நம்பினேன். மூன்றாவது பத்தியில் மட்டும் கை வைக்கமாட்டேன். மலைநாட்டில் ஒருவரைத் தொலைவிலிருந்து எதைக் கொண்டு அறிகிறார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எதிர் மலையில் மூடுபனிக்குள் வேலை செய்பவரின் முகம் தெரியாது, பெயர் கேளாது. கை அசைவதைக் கண்டே "அந்தா, நம்ம பெரியம்மா" என்பார்கள். விடுதியில் வளர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

தவமலர் என்ற மாணவி பத்தாம் தரத்தில் இருந்தாள். நான்தான் வகுப்பாசிரியை. குள்ளமானவள், கணக்கில் சூரி. தமிழில் அவள் எழுதுவது எனக்குப் பொறாமை தருமளவு நேராக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை 'விடுமுறையில் ஒரு நாள்' என்று தலைப்புத் தந்தேன். மற்றவர்கள் திருவிழாவையும் மாமா வீட்டையும் எழுதினார்கள். அவள் எழுதியதன் சாரம் இது:

சனிக்கிழமை. தாயாருக்குக் கை வீங்கியிருந்தது. அன்றைக்கு நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுக்க முடியாவிட்டால் அந்த நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலை என்றே பதிவாகும். எனவே மகள் பக்கத்து வரிசையில் குனிந்து கொழுந்தெடுத்துத் தாயின் சாக்கிற் கொட்டினாள். பிள்ளைகளை மலைக்குள் விடக்கூடாதென்பது கட்டளை. மேற்பார்வைக் கங்காணி நேரே வந்துவிட்டார். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடியிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து உதறி, ஒரு கண்ணாடியைத் துடைத்தார், ஊதினார், மறு கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தம் கைத்தடியே தெரியாது. அவர் மறுபடியும் அதை மாட்டியபோது சாக்கு நிறைந்திருந்தது. மகள் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்திருந்தாள்.

படித்து முடித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன். அந்த ஒரு பக்கத்தைச் சுற்றி நான்கு மாதத்தில் ஒரு புதினம் கட்டினேன். வேலாயுதம் என்ற அந்தக் கங்காணியை முனியப்பர் ஆக்கினேன். தோட்டத்தை மஸ்கெலியாப் பக்கம் நகர்த்தினேன். வயதைக் குறைத்தேன், மீசை வைத்தேன், தவமலருக்கு இல்லாத அண்ணனைக் கொடுத்தேன். சிறுமி செடிமறைவிலிருந்து கண்ணீர் மல்க அவரைக் கும்பிடுவதாக ஒரு வரியும் சேர்த்தேன். அருளானந்தம் ஐயா நின்றபடியே படித்தார். ஒரு தாளும் கவிழவில்லை. கங்காணி கண்ணாடி துடைக்கும் தாளில் மட்டும் கையை நிறுத்தி, "இது யாரும்மா?" என்று கேட்டார்.

"கற்பனை, ஐயா."

அவர் என்னைச் சற்றே பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

நூல் வெளிவந்தது. பாடசாலைகளில் பரிசாகக் கொடுத்தார்கள். நுவரெலியாவில் மாலை போட்டார்கள். லிந்துலையில் ஒரே மாதத்தில் அது லயத்துக்கு லயம் கைமாறியது. படிக்கத் தெரிந்த பிள்ளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அந்தத் தோட்டத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்த கங்காணி ஒருவரே. வேலாயுதம் மலைக்கு வந்தால் இளைஞர்கள் இல்லாத கண்ணாடியைக் கழற்றி இல்லாத லேஞ்சியால் துடைத்துக் காட்டினார்கள். "கங்காணியாரே, இன்னைக்குத் தூசி கொஞ்சம் கூடவோ?" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கேட்டார்கள். அதுவரை விளையாட்டுத்தான்.

அந்தச் சிரிப்புக் கண்டாக்கின் காதுக்குப் போயிற்று. கண்டாக்கு என்பவர் மலை வேலைகளுக்குப் பொறுப்பான அலுவலர். அவர் நூலைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சிறு பிள்ளைகளைக் கொழுந்தெடுக்க விடுவதில்லை என்று தேயிலை வாங்கும் வெளிநாட்டவர்க்குத் தோட்டம் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்த காலம் அது. வேலாயுதத்தை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். குற்றம் நிரூபணமானால் அவர் வெளியேற வேண்டும்; கை வீங்கிய தாய் யாரென்றும் தெரிந்துவிட்டதால் தவமலரின் தாயாருக்கும் அதே கதி.

இதை எனக்குச் சொன்னவள் தவமலர். இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கங்காணி மாமாவ நிப்பாட்டிட்டாங்க டீச்சர். அம்மாவையும் திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க."

"நான் பெயரை மாற்றியிருந்தேனே, மலர்."

"பேர மாத்துனீங்க. கண்ணாடிய மாத்தல." குரல் உயரவில்லை. "நான் ஒங்களுக்கு எழுதுனேன் டீச்சர். பொஸ்தகத்துக்கு எழுதல."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தோட்ட அலுவலகத்தில் இருந்தேன். அவ்விடத்து நடைமுறையை இன்றும் மறக்கவில்லை. முதலில் வாசற் காவலரிடம் பெயர். பின்னர் பெரிய கிளாக்கரிடம் வந்த நோக்கம். பின்னர் சுவர்க் கடிகாரத்தின் கீழ் நீள்வாங்கில் காத்திருப்பு. வாங்கின் மறுகோடியில் வேலாயுதம் இருந்தார். துவைத்த சட்டை, கழுத்துவரை பொத்தான். கைகள் இரண்டும் முழங்காலில். அன்று அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. அது மங்கி இருந்தது; துடைக்க வேண்டியிருந்தது; துடைக்கவில்லை.

"வணக்கம், கங்காணியார்" என்றேன்.

"வாங்க டீச்சர்" என்றார்.

துரை சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், எவரையும் நிற்கவைத்துப் பேசாதவர். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர் அவரே. மேசையில் என் நூல் இருந்தது. எழுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டிச் சீட்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அதன் சிங்கள மொழிபெயர்ப்பு, கையெழுத்தில்.

"மேடம்" என்றார் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "இது நடந்த கதையா, எழுதின கதையா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

கதவு திறந்தே இருந்தது. வெளியே வாங்கில் இருப்பவருக்குக் கேட்கும்.

"எழுதிய கதை" என்றேன்.

"எழுதித் தர ஏலுமா?"

தாளும் பேனாவும் தந்தார்கள். மூன்று முறை எழுதினேன். முதல் வரைவு நீண்டது. நீண்டால் ஐயம் எழும். இரண்டாவதில் 'என நினைக்கிறேன்' என்றொரு சொற்றொடர் வந்துவிட்டது; அதுவும் ஆகாது. மூன்றாவது இவ்வாறு அமைந்தது: 'இப்புதினத்தில் வரும் கங்காணி முற்றிலும் எனது கற்பனை. தங்கள் தோட்டத்தின் வேலாயுதம் அவர்கள் ஒருபோதும் அத்தகைய செயலைச் செய்யக்கூடியவர் அல்லர் என்பதை நான் நன்கு அறிவேன்.' ஒப்பமிட்டுக் கொடுத்தேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் ஒரு சொல்லும் மிகையற்ற உரைநடை அதுவே. அதில் ஒரு சொல்லும் மெய்யில்லை.

துரை படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். எழுந்து வாயில்வரை வந்து வழியனுப்பினார்.

"நல்லா எழுதுறீங்க மேடம்" என்றார். "ரெண்டும்."

வேலாயுதம் மறுநாளே மலைக்குத் திரும்பினார். தாயாருக்கும் ஒன்றும் நேரவில்லை. கடிதத்தைப் பெரட்டுக்களத்தில், காலையில் தொழிலாளர் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரியும் இடத்தில், உரக்கப் படித்துக் காட்டினார்களாம். எல்லோரையும் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதி கொண்டேன். தவமலரின் வெள்ளிக்கிழமை ஏடு மட்டும் மாறிப்போயிற்று. எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் பிழையற்ற ஒரு பக்கம் எழுதுவாள்: பசு பால் தரும், மழை பயிருக்கு நன்மை செய்யும், நேரம் பொன்னானது. ஒரு சொல்லிலும் அவள் இல்லை. உயர்தரத்தில் கணிதம் எடுத்து வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள்.

இவ்வளவையும் எழுதியபின் மெய்ப்புத் தாளின் மேல் 'உண்மைக் கதை' என்ற இரு சொற்களைப் பார்த்தேன். என் ஒப்பம் இட்ட கடிதம் எங்கோ ஒரு கோப்பில் அதை மறுத்துக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை காலை பேருந்தேறினேன். லிந்துலையில் இறங்கி முச்சக்கர வண்டியில் மேற்பிரிவு லயத்துக்குப் போனேன்.

வேலாயுதம் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிவிட்டார். நான் பெயர் சொல்லும் முன்பே, "யாரு, கமலாதேவி டீச்சரா?" என்றார். "கண்ணு இப்ப ஜோராத் தெரியுது. ஆப்பரேசன் பண்ணிட்டாங்க. கண்ணாடியே கெடையாது. அத வச்சு இன்னொரு கதை எழுத ஏலாது ஒங்களுக்கு."

மருமகள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மறுபடியும் அச்சாகப் போகிறதென்றும், அவர் வேண்டாமென்றால் நீக்கிவிடுவேன் என்றும், அன்று அவரை அந்த வாங்கில் உட்காரவைத்ததற்கு வருந்துகிறேன் என்றும் சொன்னேன்.

"ஒங்க பொஸ்தகத்தால எனக்கு ஆறு நாள்தான் வேலை போச்சு டீச்சர்" என்றார். "அது பெரிசில்ல. அந்தக் கடுதாசிதான்."

"கடிதத்தால்தானே நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள்?"

"திரும்புனேன். இல்லேங்கல. ஆனா பெரட்டுல வச்சு வாசிச்சாங்களே, எல்லாச் சனமும் நிக்க. இந்த வேலாயுதம் ஒருநாளும் அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லேன்னு. அதுக்குப் பொறகு என்ன சொன்னாங்க தெரியுமா? 'கதையிலதான்டா கங்காணி நல்லவன்'னாங்க. எம் மகனே சொன்னான்." கோப்பையைக் கீழே வைத்தார். "நாப்பது வருசம் கங்காணி வேலை. நான் ஏசாத ஆள் இல்ல. என்னை ஏசாத ஆளும் இல்ல. அதுல ஒரே ஒரு காரியம் செஞ்சேன். அத நீங்களே எழுதுனீங்க. பொறகு நீங்களே இல்லேன்னும் எழுதுனீங்க."

மீண்டும் அவரே, "இந்தத் தடவை முனியப்பன் கினியப்பன் எல்லாம் வேணாம். எம்பேரையே போடுங்க" என்றார்.

"இந்த வயசுல மாமாவுக்குப் பேரு வேணுமாம்" என்றாள் மருமகள் சிரித்துக்கொண்டே.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றார் அவர். உடனே என் பக்கம் திரும்பினார். "மலருகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இத்தனை ஆண்டில் ஒருமுறையும் கேட்கவில்லை. மருமகளிடம் அவள் எண் இருந்தது. தவமலர் டயகமப் பக்கம் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை.

லிந்துலைச் சந்தியில் பேருந்துக்கு நின்றபடியே அழைத்தேன். பேருந்தொன்று வந்து போயிற்று, நான் ஏறவில்லை.

"கணக்குத்தான் டீச்சர் படிப்பிக்கிறேன்" என்றாள். "கணக்குல யாரும் நம்ம கதைய எடுத்துட்டுப் போக ஏலாது." சிரித்தாளா என்று தெரியவில்லை.

விவரம் சொல்லத் தொடங்கினேன். இடைமறித்தாள்.

"எழுபத்து மூணாம் பக்கந்தானே? எடுத்துருங்க."

"எடுத்துவிடுகிறேன்."

"கங்காணி மாமா என்ன சொன்னாங்க?"

"தம் பெயரைப் போடச் சொல்கிறார்."

பாடசாலை மணி ஒன்று அவள் பக்கம் அடித்து ஓய்ந்தது. "அப்படின்னா நானே எழுதித் தர்றேன்" என்றாள். "ஒங்க பக்கத்த எடுத்துட்டு அந்த எடத்துல அத வைங்க. எம்பேரோட. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. தமிழ் ஒங்களுக்குப் பிடிக்காட்டியும்."

ஒப்புக்கொண்டேன். வியாழன் பிற்பகல் அது கைப்பேசிக்கு வந்தது; சதுரக்கட்டம் போட்ட கணித ஏட்டின் தாளில் எழுதி எடுத்த படம். முன்னிருந்ததுபோலவே நேரான கை. அதில் ஒரு பகுதி இது:

'அது சனிக்கிழமை இல்ல. பள்ளிக்கூட நாள். ஒரு நாளும் இல்ல, பதினொரு நாள். நான் கொழுந்த அம்மா சாக்குல கொட்டும்போதெல்லாம் வேலாயுதம் கங்காணி கண்ணாடியக் கழட்டித் தொடைப்பார். அவர் நல்ல மனுசன். அவராலதான் அம்மா பேர் முழுசா விழுந்துச்சு. ஆனா ஒவ்வொரு நாளும், இன்னைக்காவது ஏசி என்னைய வெரட்டி விடுவார்னு பாத்தேன். வெரட்டியிருந்தா பள்ளிக்கூடம் போயிருப்பேன். நான் அவரைக் கும்பிடல. பன்னெண்டாவது நாள் வகுப்புக்குப் போனேன். கமலாதேவி டீச்சர் இடாப்புல எம்பேருக்கு நேரா பதினொரு சைபர் போட்டிருந்தாங்க, சிவப்புல. ஏன் வரலன்னு கேக்கல. விடுமுறையில் ஒரு நாள்னு எழுதச் சொன்னாங்க. அதனாலதான் சனிக்கிழமைன்னு எழுதினேன்.'

நின்றுகொண்டே படித்தேன். பின்பு உட்கார்ந்து படித்தேன். பதினொரு சைபர். போட்டது என் கைதான். அந்த ஏட்டில் அவள் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் என் மூன்று பத்திகளில் இறக்கியவள், வரவு இடாப்பில் நானே எழுதியதை ஒருநாளும் திரும்பிப் படிக்கவில்லை.

வேலாயுதத்தின் மருமகளை அழைத்து, கைப்பேசியை அவரிடம் கொடுக்கச் சொல்லி, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். விரட்டியிருந்தால் போயிருப்பேன் என்ற இடத்தில் என் குரல் சற்றே தயங்கிற்று. முடிந்தபின் அவர் இருமுவது கேட்டது.

"நான் அத நெனைக்கவே இல்ல" என்றார். பின்னர், "புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு. எம்பேர எடுத்துராதீங்க" என்றார்.

வெள்ளி காலை முதற் பேருந்தில் அற்றனுக்கு நானே கொண்டுபோனேன். எழுபத்து மூன்றாம் தாளைக் கிழித்துவிட்டு, தவமலரின் பக்கத்தை என் கையால் படியெடுத்து வைத்திருந்தேன். படியெடுக்கையில் 'தொடைப்பார்' என்ற இடத்தில் பேனா இருமுறை நின்றது. அச்சொல் அப்படியே நிற்கட்டும் என்று நகர்ந்தேன். அச்சகத்து இளைஞர் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் கடைசிப் பகுதியில் நின்றது.

"டீச்சர், இதுல ஒங்க பேருல்ல வருது? அதுவும் நல்லா வரல்லியே. மாத்தி வேற பேர் போட்டுருவமா?"

"வேண்டாம்" என்றேன்.

"பொஸ்தகமே ஒங்களது. படிக்கிற புள்ளைங்க, 'நீங்க ஏன் டீச்சர் அப்படிச் செஞ்சீங்க'ன்னு ஒங்களையே கேக்கும்."

"கேட்கட்டும்" என்றேன்.